நஞ்சுக்கொடி

கருவில் வளரும் குழவியை அன்னையோடு பிணைத்து, அவள் குருதியினின்றும் அதற்கு ஊணளிக்கும் உறுப்பினைத் தமிழில் நஞ்சுக்கொடி என்கிறோம். அப்பெயர் வந்த வழியைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும். பேறுகாலம் பார்த்துப் பழகிய மூதாட்டியர் வாயில் வெகு இயல்பாக வழங்கும் சொல் அது; கேட்டு எவரும் திடுக்கிடுவதில்லை. ஆனால், அச்சொல்லின் முற்பாதியை அதன் முழுக் கொடுமையோடு படித்துப் பார்க்கும்படி நம்மைச் செய்துவிட்டது ஓர் ஊர். ஜப்பான் நாட்டுக் கியூஷு தீவில், ஷிரானுயி கடலின் கரையில் உள்ள மினமாட்டா!

கடலை நம்பி வாழ்ந்த ஊர் அது. உழவனுக்கு வயல் எப்படியோ, அப்படி அவ்வூர் மீனவருக்கு வளைகுடா. காலையிலும் மீன், மாலையிலும் மீன். அங்கே ஓர் ஆலையும் இருந்தது. உரம் செய்யத் தொடங்கிப் பின்னர் பல வேதிப்பொருள்களைச் செய்த ஆலை. சிஸ்ஸோ என்று பிற்காலத்தில் பெயர் பூண்ட நிறுவனத்தின் ஆலை. 1932இல் அங்கே அசிட்டால்டிகைடு என்னும் பொருளைச் செய்யலாயினர். அதற்குப் பாதரசம் துணைப்பொருள். வேலை முடிந்த கழிவுநீர் வளைகுடாவில் விடப்பட்டது. பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவோடு கலந்து சென்றது. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், படிக்குப் படி செறிவு மிகுந்து ஏறிற்று. கடைசிப் படியில் மனிதன் இருந்தான்.

முதலில் பூனைகள் ஆடின. வெறி கொண்டாற்போல் சுழன்று, சுவரில் மோதி, கடலில் விழுந்து மடிந்தன. அடுத்து மனிதர். கை நடுங்கிற்று, நா குழறிற்று, பார்வை ஒடுங்கிற்று, நடை தள்ளாடிற்று. 1956 மே 1ஆம் நாள், ஆலைக்குச் சொந்தமான மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசோகவா, காரணம் விளங்காத மூளைநோய் ஒன்று பரவுவதாக நலத்துறை நிலையத்திற்கு அறிவித்தார். தொற்றுநோய் என்று அஞ்சிய ஊரார், நோயாளர் வீடுகளை ஒதுக்கினர். கடைக்கு வந்தால் அவர்கள் நீட்டும் காசைக் கையால் வாங்கவும் கூசினர். தீண்டாமை நம் நாட்டின் தனிச்சொத்து என்று எண்ணியிருப்போர்க்கு இது செய்தி.

இவ்வளவும் பலர் அறிந்த வரலாறு. நாம் ஆராய விழைவது இதனுள் பொதிந்த மற்றொன்று.

மீனே உண்ணாத குழந்தைகள் சிலர் அவ்வூரில் நோயோடு கிடந்தனர். தலை நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, கை கால்கள் முறுக்கிக்கொண்டன. பிறந்து சில திங்களே ஆன குழவி மீன் தின்றிருக்க முடியுமா? முடியாது. ஆகவே அது மினமாட்டா நோய் ஆகாது. பிறவி மூளைவாதம் என்று மருத்துவர் எழுதி வைத்தனர். அன்றைய மருத்துவ நூல்களின் துணிபு அவர்களை அப்படி எழுதச் செய்தது. நஞ்சுக்கொடி ஒரு கோட்டை மதில். அன்னையின் உடலில் நஞ்சு புகுந்தாலும் அது மதிலைத் தாண்டிச் சேயை அணுகாது என்பதே அத்துணிபு.

1961ஆம் ஆண்டுக் கோடையில், குமமோட்டோ பல்கலைக்கழகத்து இளம் மருத்துவர் மசசுமி ஹரதா அவ்வூருக்கு வந்தார். ஒரு வீட்டின் முன்புறம் இரு சிறுவர், உடன்பிறந்தார், விளையாடிக்கொண்டிருந்தனர். இருவரிடமும் ஒரே குறிகள். இருவருக்கும் மினமாட்டா நோயோ என்று தாயைக் கேட்டார். மூத்தவனுக்கு மட்டுமே அந்நோய், இளையவனுக்கு வேறு என்று மருத்துவர்கள் சொல்வதாக அவள் கூறினாள். காரணம்? இளையவன் மீன் தின்றதில்லையாம். ஆனால் அவள் அதை ஏற்கவில்லை. அவன் வயிற்றிலிருந்தபோது மீன் தின்றவள் தான் அல்லவா என்று அவள் கேட்டாள். தான் உண்ட நஞ்சே மகனைச் சேர்ந்தது என்பது அவள் முடிவு.

நூலறிவு ஒரு பக்கம். கல்லூரி வாயிலைக் காணாத மீனவத் தாயின் வாதம் மறு பக்கம். வென்றது எது? தாயின் வாதம்! ஆனால் எளிதில் வெல்லவில்லை. குழந்தைகள் சிலர் மாண்டு, அவர்தம் மூளையை அறுத்து ஆய்ந்த பின்னரே, 1962 நவம்பரில், பதினாறு குழந்தைகளுக்குக் கருவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று அறிவித்தனர். மெய்யை ஒப்புக்கொள்ள மருத்துவ உலகம் கேட்ட விலை ஒரு குழந்தையின் பிணம். அதே காலத்தில், 1961இன் இறுதியில், ஐரோப்பாவில் தாலிடோமைடு என்னும் மருந்து, கருவுற்ற பெண்டிர்க்கு அமைதி தரும் என்று கொடுக்கப்பட்ட மருந்து, கை கால் குறைந்த குழந்தைகளைப் பிறப்பித்தது என்பதும் வெளியாயிற்று. உலகின் இரு கோடிகளில் ஒரே நேரத்தில் கோட்டை மதில் சரிந்தது.

நஞ்சு எப்படித் தாண்டிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும்; நமது கேள்வியே அதில்தான் இருக்கிறது. நாம் கலைப்பாடம் பயின்றவரே, வேதியியல் வல்லுநர் அல்லோம். எனினும் இது யார்க்கும் விளங்கும். கருவிலுள்ள குழவி வளர அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றை அன்னையின் குருதியிலிருந்து வாங்கிச் சேய்க்குத் தருவதற்கென்றே நஞ்சுக்கொடியில் வாயில்கள் உண்டு. மெத்தில் பாதரசம் உடலிலுள்ள சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அதன் தோற்றம் மெத்தியோனின் என்னும் வேறோர் அமினோ அமிலத்தை ஒத்துவிடுகிறது. வாயில் காப்போன் ஏமாறுகிறான். உணவென்று எண்ணிக் கதவைத் திறக்கிறான். சேயைக் காக்கவும் வளர்க்கவும் இயற்கை அமைத்த வாயிலின் வழியாகவே, உணவின் உடை தரித்து நஞ்சு நுழைகிறது. பிறக்கும் குழவியின் தொப்புள்கொடிக் குருதியில் இந்நஞ்சின் செறிவு அன்னையின் குருதியில் உள்ளதைக் காட்டிலும் மிகுதி. வளர்ந்தவர் மூளையில் சில பகுதிகளைத் தேர்ந்து தாக்கும் பாதரசம், உருவாகிக்கொண்டிருக்கும் மூளையிலோ பரவலாகத் தாக்குகிறது.

இதன் விளைவு விந்தையும் வேதனையுமானது. கடும் நோயோடு பிறந்த குழந்தைகளின் அன்னையர் பலரிடம் நோயின் குறிகள் மிகக் குறைவாகவே இருந்தன. தாயின் உடலில் தங்கியிருக்க வேண்டிய நஞ்சின் ஒரு பங்கைச் சேய் வாங்கிக்கொண்டது.

மினமாட்டாவில் ஓர் அன்னை, கருவிலேயே நோயுற்ற தன் மகளைக் குடும்பத்தின் செல்வக் குழந்தை என்று அழைத்தாள். தன்னிடமிருந்த நஞ்சையெல்லாம் இவள் உறிஞ்சிக்கொண்டாள். அதனால்தான் தானும் நலமாயிருக்கிறேன், இவளுக்குப் பின் பிறந்த மக்களும் நலமாயிருக்கின்றனர் என்பது அவள் கூற்று. 1971இல் யூஜீன் ஸ்மித் என்னும் புகைப்படக் கலைஞர் அந்தத் தாயையும் மகளையும் எடுத்த படம் உலகெங்கும் சென்றது. மகள் 21 வயதில் மறைந்தாள். அவளை இனியேனும் ஓய்வெடுக்க விடவேண்டுமென்று பெற்றோர் பின்னாளில் விரும்பினர். ஆதலின் அப்படத்தை நாம் இங்கே வருணிக்கப் போவதில்லை.

செல்வக் குழந்தை! கருவிலே திருவுடையார் என்று சிலரைப் போற்றுவது நம் வழக்கம். கருவிலே நஞ்சுற்றவளை ஒரு தாய் திருவென்று போற்றினாள். கேட்கும்போதே நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும், நெகிழ்ந்த நெஞ்சோடு அறிவும் கரைந்துவிடக் கூடாதல்லவா? சிந்திப்போம். அந்தக் குழந்தை செய்தது தியாகமா?

தாய் அவ்வாறு சொல்லலாம். சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. நாள்தோறும் ஊட்டி, குளிப்பாட்டி, தூக்கிச் சுமந்தவள் அவள். பழிச்சொல் பேசும் ஊரின் நடுவே மகளுக்கு ஒரு மதிப்பான பெயரைத் தேடித் தந்தவள் அவள். ஆனால் அதே சொல்லை நாம் எடுத்தாண்டால்? ஆலை முதலாளி எடுத்தாண்டால்? தியாகம் என்றால் அறிந்து கொடுப்பது. கொடுக்க மறுக்கும் வாய்ப்பு இருந்தும் கொடுப்பது. உருவே முற்றாத உயிர், எதை அறிந்தது? எவரிடம் மறுத்திருக்கும்? அதனிடமிருந்து வாழ்வு பறிக்கப்பட்டது. பறித்ததைக் கொடுத்ததாகக் கூறுவது, களவு கொடுத்தவனை வள்ளல் என்று புகழ்ந்து கள்வனைத் தப்பவிடுவதாகும். தாயின் நாவில் அன்பாக இருக்கும் சொல், பிறர் நாவில் மூடுதிரையாகிவிடுகிறது. தாய்மையின் பெருமை பேசும் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இத்தகைய மூடுதிரைகள் மலிந்து கிடப்பதை எண்ணித்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

அப்படியாயின் குற்றம் யாருடையது?

ஊனத்தோடு குழந்தை பிறந்தால் நம் நாட்டில் கிடைக்கும் விடைகளை நாம் அறிவோம். தலையெழுத்து என்பார் ஒருவர். முற்பிறவியில் செய்த வினை என்பார் மற்றொருவர். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள், அதனால் உதடு பிளந்தது என்று கருவுற்றவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார் வேறொருவர். நிலவையும் ஞாயிற்றையும் சாட்சிக்கு அழைக்கும் இவர்கள், ஊருக்கு மேற்கே புகை கக்கும் கூடத்தையும் ஆற்றில் இறங்கும் கழிவையும் அழைப்பதில்லை. வினைக்கொள்கையில் உள்ள பெருங்குறை இதுதான்: எங்கே விசாரணை தொடங்க வேண்டுமோ அங்கே அது தீர்ப்பை எழுதிவிடுகிறது. மினமாட்டாக் குழவிகளைப் பற்றியும் பிறவிக் குறை என்று எழுதி மூடப்பட்ட தாள்கள் இருந்தன அல்லவா? பிறவி என்ற அந்த ஒரு சொல், ஆலையின் பக்கம் எவரும் திரும்பாதபடி சில ஆண்டுகள் காத்தது.

தாய் உண்டாள், ஆகவே தாயின் குற்றம் என்று சொல்வார் உண்டோ? நேராகச் சொல்ல நா எழாது. ஆனால் அந்த அன்னையர் தாமே தம்மைப் பழித்துக்கொள்ளாமல் இருந்திருப்பரா? வயிற்றில் பிள்ளை என்று நல்ல மீனாகத் தேடித் தின்றதை எண்ணிக் குமுறாமல் இருந்திருப்பரா? அவள் உண்டது உணவை. உணவில் நஞ்சிட்டவன் வேறொருவன். நஞ்சுக்கொடியின் வாயில் எப்படி ஏமாந்ததோ, அப்படியே ஏமாந்தவள் தாயும்.

ஆலைக்காரர் அறியாது செய்தனர் என்று ஒரு வாதம் உண்டு. அதனை ஆண்டுகளை வைத்துச் சோதிப்போம். 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசம் என்று வெளியிட்டனர். அதே ஆண்டு, முன்னே நாம் கண்ட ஹொசோகவா, ஆலையின் கழிவுநீரை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட பூனை அக்டோபரில் ஆடிற்று, சுழன்றது, விழுந்தது. நிர்வாகம் அறிந்தது. அறிந்து, ஆய்வை நிறுத்தச் செய்தது. முடிவை வெளியிடாமல் மறைத்தது. டிசம்பரில் நோயாளரோடு ஓர் ஒப்பந்தம் எழுதினர். இறந்தவர்க்கு 3,00,000 யென், வாழும் பெரியவர்க்கு ஆண்டுக்கு 1,00,000 யென், குழந்தைக்கு ஆண்டுக்கு 30,000 யென். இழப்பீடு என்ற பெயரில்கூட அன்று, ஆறுதல் பணம் என்ற பெயரில்! எதிர்காலத்தில் ஆலைக் கழிவே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்ற வாசகமும் அதில் இருந்தது. காரணம் தெரியாதவன் இப்படி ஒரு வாசகத்தை எழுத நினைப்பானா? கருவில் நோயுற்ற குழந்தைகளுக்கோ அந்த முப்பதாயிரமும் இல்லை. அவர்கள்தாம் அன்று நோயாளரே அல்லரே!

அசிட்டால்டிகைடு செய்வதை 1968 மே திங்களில்தான் நிறுத்தினர். அரசு, ஆலைக் கழிவே காரணம் என்று ஒப்புக்கொண்டது அவ்வாண்டு செப்டம்பரில். 400ஆம் பூனை விழுந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டரை ஆண்டுகளுக்கும் மேல் நஞ்சு ஓடிற்று. அவ்வாண்டுகளில் அக்கரையில் கருவுற்றவள் ஒவ்வொருத்தியின் முன்னும், உண்மையை அறிந்தவர் சிலர் வாய் மூடி நின்றனர் என்பது பொருள். ஹொசோகவா 1970இல், புற்றுநோயால் படுத்த படுக்கையில், நீதிமன்றத்துக்குப் பூனையின் கதையைச் சொன்னார். சில திங்களில் இறந்தார். அவரை மெச்சுவதா, பழிப்பதா? பிந்தி வந்த உண்மை வழக்கை வெல்ல உதவிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்தவர்க்கு அது உதவவில்லை.

ஆலைகளே வேண்டாமா, உரம் வேண்டாமா, பிளாஸ்டிக் வேண்டாமா என்று கேட்போர்க்கும் ஒரு சொல். அறிவியலை வெறுத்துப் பழங்காலம் திரும்புக என்போர்க்கு இக்கதையைத் தீனியாக்குவது நம் நோக்கம் அன்று. நஞ்சைக் கண்டுபிடித்ததும் அறிவியலே. ஆலை அவ்வூர்க்கு வேலை தந்தது, வரி தந்தது. நோயாளரை ஊரார் பலர் வெறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேலை வேண்டும், அதற்காகச் சிறு தீங்கைப் பொறுப்போம் என்று வளர்ந்த மக்கள் கூடிப் பேசி முடிவு செய்யலாம். அம்முடிவு சரியா தவறா என்று வழக்காடலாம். ஆனால் அந்தப் பேச்சில் ஓர் இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கிறது. தீங்கின் பெரும்பங்கு யார்மேல் விழுமோ, அவர் இன்னும் பிறக்கவில்லை. அவருடைய ஒப்புதலை எவரும் பெறவில்லை, பெறவும் இயலாது. இயலாதபோது, அவர் மறுப்பார் என்றே கொள்வதுதான் நேர்மை.

முன்கூட்டி எச்சரித்துவிட்டால் போதாதா என்பர். எச்சரிக்கை பற்றி ஈராக்கு நாட்டைக் கேட்க வேண்டும். 1971இன் இறுதியில், மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதை கோதுமையும் வாற்கோதுமையும் வெளிநாட்டிலிருந்து அங்கே வந்திறங்கின. விதைக்கும் பருவம் பல இடங்களில் கடந்துவிட்டிருந்தது. உழவர் அதை மாவாக்கி ரொட்டி சுட்டனர். மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது. எந்த மொழியில்? ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! அரபும் குர்தியும் பேசும் உழவர்க்கு அம்மொழிகளில் எச்சரிக்கை! தானியத்தில் ஏற்றிய சிவப்புச் சாயம் கழுவக் கழுவப் போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போயிற்று என்று அவர்கள் எண்ணினர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர். கருவுற்றிருந்தபோது அந்த ரொட்டியை உண்டவர்களின் குழந்தைகளிடம், தாயர் பெரிதும் பாதிக்கப்படாத இடத்திலும், மூளைக்கேடு காணப்பட்டது. மக்கள் மொழியில் சொல்லப்படாத அறிவு அறிவே அன்று என்று நாம் பலகால் எழுதியும் பேசியும் வருவது வெறும் மொழிப்பற்றால் மட்டும் அன்று.

புரியும் மொழியில் சொன்னால் மட்டும் கடமை தீர்ந்ததா? 2001 முதல் அமெரிக்க அரசு, கருவுற்ற பெண்டிர் சுறா, வாள்மீன் போன்ற பெருமீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தி வருகிறது. நல்ல அறிவுரையே, மீனை முற்றும் விலக்காமல், நஞ்சு குறைந்த மீனை உண்ணச் சொல்லும் அறிவுரை. குழவியின் மூளைக்கு மீனுணவு நன்மையும் செய்கிறதே! ஆயினும் கடலில் பாதரசம் சேர்வதன் சுமையை யார் தோளில் வைத்தோம் பாருங்கள். நிலக்கரியை எரித்தவன் தோளில் அன்று, பாதரசத்தால் பொன் பிரித்தவன் தோளில் அன்று; சந்தையில் மீன்கூடையின் முன் நிற்கும் கருவுற்றவள் தோளில்! அவள் பெயர் தெரிந்து வாங்க வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும், தவறினால் நெஞ்சம் வருந்த வேண்டும். மீனன்றி வேறு உணவில்லாத வீட்டில் அவள் என்ன செய்வாள்? மினமாட்டாவில் 1957இல் மாவட்ட ஆட்சியினர், உணவுத் தூய்மைச் சட்டப்படி வளைகுடா மீனைத் தடை செய்யலாமா என்று நடுவண் அரசின் அமைச்சகத்தைக் கேட்டனர். எல்லா மீனும் நஞ்சானதற்குத் தெளிவான சான்றில்லை, சட்டம் பொருந்தாது என்று விடை வந்தது. தடையும் இல்லை, மாற்று உணவும் இல்லை, ஆலைக் குழாயும் மூடப்படவில்லை. 1958இல் குழாயின் வாயை மட்டும் வேறு பக்கம், ஆற்று முகத்துக்குத் திருப்பினர். நோய் வடக்கிலுள்ள ஊர்களுக்கும் சென்றது.

சான்று, சான்று என்று கேட்டவர்க்குச் சான்று வேறோர் இடத்தில் காத்திருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் ஒரு துண்டை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் வைத்துக் காப்பது ஜப்பானியர் வழக்கம். தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவின் நினைவுப்பொருள் அது. ஹரதாவும் உடன் ஆய்ந்தோரும் வீடு வீடாகச் சென்று அக்கொடிகளைக் கேட்டுப் பெற்றுச் சோதித்தனர். முடிவு 1975இல் வெளிவந்தது. ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தோர் கொடியில் மெத்தில் பாதரசம் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்கிய ஆண்டுகளில் இறங்கியிருந்தது. ஆலைக் கணக்கேட்டின் மறுபடி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருந்தது.

அதற்கு ஈராண்டு முன்னரே, 1973 மார்ச் 20ஆம் நாள், குமமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வேதி ஆலை நடத்துவோர் தம் கழிவு தீங்கற்றது என்று உறுதி செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்; சிஸ்ஸோ அதில் தவறியது; 1959இன் ஆறுதல் பண ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு மாறானது, செல்லாது என்பது தீர்ப்பு. ஆண்டுக்கு முப்பதாயிரம் யென் என்று மதிப்பிடப்பட்ட இடத்தில், நோயாளர் ஒருவர்க்கு 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை வழங்க நேர்ந்தது.

வளைகுடாவின் அடியில் கிடந்த பாதரசச் சேற்றை 1977 முதல் 1990 வரை வாரி, ஒரு பகுதிக் கடலைத் தூர்த்து, 58 ஹெக்டேர் நிலமாக்கினர். இன்று அதன்மேல் பூங்கா இருக்கிறது. நஞ்சு கீழே இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தாகி, அவ்வூரின் பெயராலேயே மினமாட்டா ஒப்பந்தம் என்று அழைக்கப்படுகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்றது. நடைமுறைக்கு வந்த ஆண்டில் ஜெனீவாவில் நாடுகள் கூடியபோது, கருவிலேயே நோயுற்றுப் பிறந்த ஷினோபு சகமோட்டோ அங்கு சென்று பேசினார். 1972இல் ஸ்டாக்ஹோமில் உலகச் சூழல் மாநாடு கூடியபோது தம் தாயோடு சென்றவரும் அவரே. அன்று அவர் பள்ளிச் சிறுமி.

குழந்தைகள் என்றே இதுகாறும் எழுதி வந்தோம். அப்பதினாறு பேரில் வாழ்வோரும், பின்னர் கண்டறியப்பட்டோரும், இன்று எழுபதை ஒட்டிய வயதினர். இளமையில் நடந்தவர் சிலர் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கின்றனர். தூக்கிச் சுமந்த அன்னையருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.